கடலுக்கு கலர் அடிக்கும்போது எங்க சொதப்புது, அதை எப்படி சரி பண்றது

கடலுக்கு அடியில இருக்கற சீன்னா குழந்தைங்களுக்கு உயிரு, ஆனா பாதி படத்துல அழுகை வர்றதும் இதே படத்துல தான். ஏன்னா மத்த படத்துல நீலம்னா வானம் மட்டும் தான், மேல ஒரு ஓரமா முடிஞ்சிடும், இதுல பேப்பர் முழுக்க நீலம், அதுக்கு நடுவுல தான் மீன், ஆமை, பவளம் எல்லாமே நிக்கணும். அவ்ளோ பெரிய இடத்தை ஒரு சின்ன கை நிரப்பணும், நிரப்பும்போது ஈரம் ஆகுது, கை வலிக்குது, கலர் கலந்துடுது. என் ரெண்டு பிள்ளைங்களோடயும் அவங்க ஃப்ரெண்ட்ஸோடயும் உக்காந்து இந்த சீனை எத்தனை தடவை போட்டிருப்பேன்னு கணக்கே இல்ல, ஒவ்வொரு தடவையும் அதே பத்துப் பதினொரு பிரச்சனை தான் திரும்பத் திரும்ப வருது. அதனால உங்க படத்துல இப்ப என்ன தெரியுதோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க, வரிசையா படிக்கணும்னு இல்ல.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். பிள்ளை கையில இருக்கற பேப்பரை வாங்கி நாம சரி பண்ணக் கூடாது. பக்கத்துல ஒரு துண்டு பேப்பரை வச்சுக்கங்க, அதுல நீங்க செஞ்சு காட்டுங்க, படத்துல செய்யறது பிள்ளையா இருக்கட்டும்.

கடல் முழுக்க கோடு கோடா இருக்கு

ஸ்கெட்ச் பென்ல அடிச்சிருந்தா இது கண்டிப்பா வரும். ஒரு கோடு போட்டு அடுத்த கோடு போடறதுக்குள்ள முதல் கோடு காஞ்சிடுது, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறற இடத்துல மட்டும் டார்க் ஆயிடுது. ஸ்கெட்ச் பென் செதிலுக்கும் கண்ணுக்கும் அவுட்லைனுக்கும் நல்லா இருக்கும், கடல் அடிக்க அது சரிப்படாது. ஏற்கனவே அடிச்சாச்சுன்னா ரெண்டு வழி இருக்கு. பேப்பர் கெட்டியா இருந்தா ஈர ப்ரஷ்ஷால அந்த கோடுங்க மேல லேசா ஒரு இழுப்பு இழுங்க, குழந்தைங்க ஸ்கெட்ச் பென்ல பெரும்பாலும் தண்ணில கரையற இங்க் தான் இருக்கும், அது கரைஞ்சு பரவி தண்ணியா அடிச்ச ஒரே சீரான பூச்சு மாதிரி ஆயிடும். பேப்பர் மெல்லிசா இருந்தா அதை செய்யாதீங்க, அதுக்கு பதிலா கொஞ்சம் டார்க் நீலத்தை எடுத்து அந்த கோடுங்களையே வளைச்சு அலையா மாத்திடச் சொல்லுங்க.

க்ரேயான்ல கோடு வந்தா முனையால அடிச்சது தான் காரணம். மேல சுத்தியிருக்கற காகிதத்தை உரிச்சுட்டு க்ரேயானை படுக்க வச்சு தேய்க்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல பாதி கடல் முடிஞ்சிடும், உடைஞ்சு போன துண்டு இதுக்கு இன்னும் வசதி. கலர் பென்சில்னா ஒரே லேயர்ல அழுத்தி அடிக்க வேண்டாம், சின்ன சின்ன வட்டமா லேசா ஒரு தடவை, அதுக்கு மேல வேற திசையில இன்னொரு தடவை.

வாட்டர் கலர்ல திட்டு விழுதுன்னா ப்ரஷ் ரொம்ப சின்னது, இல்லனா பாதியில கலர் தீர்ந்து போய் திரும்ப கலக்கறதுக்குள்ள முதல்ல அடிச்சது காஞ்சிடுச்சு. மொத்த கடலுக்கும் வேணுங்கற நீலத்தை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு கிண்ணத்துல கலக்கி வச்சுக்கங்க, அட்டையை கொஞ்சம் சாய்ச்சு வச்சு மேல இருந்து கீழ இறங்குங்க, அடிச்ச இடத்துக்கு திரும்பிப் போகாதீங்க. பாதி காஞ்ச இடத்துல திரும்ப ஈர ப்ரஷ்ஷை வச்சா அந்தத் தண்ணி பழைய கலரை ஓரத்துக்கு தள்ளிடும், அப்ப தான் காலிஃபிளவர் மாதிரி சுருட்டை சுருட்டையா ஒரு கறை வரும். அது வந்துட்டா அழிக்கப் போராடாதீங்க, ஓரத்துல நாலு புள்ளி வச்சா பவளம் ஆயிடும்.

பேப்பர் சுருங்குது, பொடிப்பொடியா உரிஞ்சு வருது

சாதாரண ப்ரின்ட் பேப்பர் 70 இல்லனா 80 ஜிஎஸ்எம் (பேப்பர் எவ்ளோ கெட்டின்னு சொல்ற அளவு) தான், அது இவ்ளோ தண்ணியைத் தாங்காது. வாட்டர் கலருக்கு 200க்கு மேல வேணும், 300 ஜிஎஸ்எம் இருந்தா கவலையே இல்ல. உரிய ஆரம்பிச்ச உடனே அந்த இடத்துல ப்ரஷ் வைக்கறதை நிறுத்திடுங்க, விரலால அந்த பொடியை தட்டி விடவும் வேண்டாம், இன்னும் பெரிய ஓட்டை ஆகும். முழுசா காயட்டும், காஞ்சதும் அங்க க்ரேயானோ கலர் பென்சிலோ போட்டுக்கலாம். ரொம்ப மோசமா பிஞ்சிருந்தா வேற பேப்பர்ல ஒரு பாறை வரைஞ்சு வெட்டி அது மேல ஒட்டிடுங்க, பின்னாடி ஒரு மீன் பாதி மறைஞ்சு நிக்கற மாதிரி வச்சா முன்னாடியை விட நல்லாவே இருக்கும்.

அப்பளம் மாதிரி வளைஞ்சு மட்டும் இருந்தா, காஞ்சதுக்கு அப்புறம் பேப்பரை திருப்பிப் போட்டு பின்பக்கம் ஈரப் பஞ்சால லேசா ஒத்தி எடுங்க, ரெண்டு சுத்தமான பேப்பருக்கு நடுவுல வச்சு மேல கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விடுங்க. ஸ்கெட்ச் பென்லயோ ஆயில் பேஸ்டல்லயோ செஞ்ச படத்துக்கு இந்த வைத்தியம் வேண்டாம். அடுத்த தடவை ஆரம்பிக்கும்போதே நாலு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால அட்டையில ஒட்டிட்டா வளைவு ரொம்ப குறையும்.

ப்ரின்ட் எடுத்த படத்துல கறுப்பு அவுட்லைன் கரைஞ்சு கடல்ல ஓடுது

இது என் பொண்ணுக்கு நடந்தது. ஆமை முதுகுல ஒவ்வொரு கட்டமா அரை மணி நேரம் அடிச்சு முடிச்சுட்டு, கடைசியா கடலுக்கு ப்ரஷ்ஷை வச்சா, ஆமையோட கறுப்பு கோடெல்லாம் அப்படியே கரைஞ்சு தண்ணில புகை மாதிரி போகுது. அவ அழுததை இப்ப நினைச்சாலும் எனக்கு கஷ்டமா இருக்கு, ஏன்னா அவ தப்பே எதுவும் செய்யல, ப்ரின்டை பத்தி நான் தான் யோசிக்காம விட்டுட்டேன்.

இங்க்ஜெட் ப்ரின்டர்ல வர்ற மை பல சமயம் தண்ணில கரையும். லேசர் ப்ரின்டும் ஜெராக்ஸும் அப்படி இல்ல, அதுல இருக்கறது டோனர், அதாவது பிளாஸ்டிக் பொடியை சூட்டுல உருக்கி பேப்பர்ல ஒட்ட வைக்கறது, தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. அதனால இங்க்ஜெட்ல ஒண்ணு எடுத்து அதை ஜெராக்ஸ் போட்டுட்டாலே போதும். உங்ககிட்ட இருக்கற ப்ரின்ட் எதுன்னு தெரியலயா, ஓரத்துல இருக்கற எழுத்து மேல ஒரு சொட்டு தண்ணி வச்சு ஒரு நிமிஷம் கழிச்சு டிஷ்யூவால ஒத்திப் பாருங்க, டிஷ்யூல கறுப்பு வந்தா அந்த பேப்பருக்கு க்ரேயான், கலர் பென்சில் மட்டும் தான். ஏற்கனவே கரைஞ்சிடுச்சுன்னா உடனே டிஷ்யூவை மேல வச்சு அமுக்கி எடுங்க, தேய்க்காதீங்க. காஞ்சதும் ஆமையைச் சுத்தி டார்க் நீலம் அடிச்சு, கோட்டை தண்ணி பட்டா அழியாத மார்க்கர்ல திரும்ப வரைஞ்சுக்கலாம். என் பொண்ணு அந்த புகையை ஆக்டோபஸ் விட்ட மைன்னு சொல்லி ஓரத்துல ஒரு ஆக்டோபஸ் போட்டுட்டா.

மீனைக் காணோம்

அடிச்சது அடிச்ச மாதிரி தான் இருக்கு, ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா மீன் எங்க இருக்குன்னே தெரியல. நீல மீனை நீல கடல்ல போட்டா அப்படித் தான் ஆகும், பச்சை மீனும் கிட்டத்தட்ட அதே கதி. கலர் வட்டத்துல நீலத்துக்கு நேர் எதிர்ல ஆரஞ்சு இருக்கு, அதனால தான் ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன் எந்த கடல்ல போட்டாலும் பளிச்சுன்னு நிக்குது. மஞ்சள், சிவப்பு, பிங்க் இதெல்லாமும் நிக்கும். ஆனா பிள்ளைக்கு நீல மீன் தான் வேணும்னா அது நீலமாவே இருக்கட்டும், மாத்தச் சொல்ல வேண்டாம், மீனை விட்டுட்டு சுத்தி இருக்கற தண்ணியை மாத்துங்க. வெளிர் மீனுக்கு பின்னாடி டார்க் தண்ணி, டார்க் மீனுக்கு பின்னாடி வெளிர் தண்ணி. மீனைச் சுத்தி ஒரு நூல் அளவு வெள்ளையா விட்டுட்டு கடலை அடிச்சாலும் மீன் தனியா தெரியும், சின்னப் பிள்ளைங்களுக்கு இது தான் ரொம்ப சுலபம், ஈர கலர் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாதுங்கறது கூடுதல் லாபம்.

இந்த இடத்துல பிள்ளைங்களுக்கு ஒரு விஷயம் சொல்லுங்க, நிஜ மீனும் இப்படி காணாம போகத் தான் பாக்குது. நிறைய மீனுக்கு முதுகு டார்க்கா இருக்கும், வயிறு வெளுப்பா இருக்கும். மேல இருந்து பாக்கற பறவைக்கு அந்த முதுகு இருட்டு தண்ணியோட சேந்து போயிடும், கீழ இருந்து பாக்கற பெரிய மீனுக்கு அந்த வயிறு வெளிச்சத்தோட சேந்து போயிடும். சுறாவுக்கும் அப்படித் தான். இதை சொன்னதுக்கு அப்புறம் என் பையன் போடற எல்லா மீனுக்கும் முதுகுல ஒரு ஷேட் டார்க்கா வந்துடுது, மீன் உருண்டையாவும் தெரிய ஆரம்பிச்சிடுச்சு, ஷேடிங்னு தனியா எதுவும் சொல்லித் தரவே இல்ல.

எல்லாம் கலந்து சேறு மாதிரி ஆயிடுச்சு

அதிகமா கேக்கற பிரச்சனை இது தான். மீனை பளிச்சுன்னு காட்டற அதே ஆரஞ்சு, ஈரமா இருக்கும்போது நீலத்தோட கலந்தா ப்ரவுன் ஆயிடும், சாம்பல் ஆயிடும். சிவப்பு மீன் பச்சை பாசியோட கலந்தாலும் அதே தான், ஊதா ஸ்டார்ஃபிஷ் மஞ்சள் மணலோட கலந்தாலும் அதே தான். பக்கத்துல பக்கத்துல வச்சா அழகு, கலந்துட்டா சேறு. மஞ்சள் மணல்ல நீலம் இறங்கிடுச்சுன்னா மட்டும் பச்சை ஆகும், அதை பாசின்னு சொல்லி தப்பிச்சிடலாம்.

பாதி காரணம் பொறுமை இல்லாம போறது, மீதி பாதி ப்ரஷ் கழுவற தண்ணி. ஒரு டம்ளர் தண்ணில சிவப்பையும் நீலத்தையும் பச்சையையும் கழுவிட்டு அதே தண்ணில மஞ்சளை தொட்டா மஞ்சள் எப்படி மஞ்சளா வரும். ரெண்டு டம்ளர் வைங்க, ஒண்ணு கழுவ, இன்னொண்ணு அலச, அதோட பக்கத்துல ஒரு பழைய துணி, கழுவினதும் ப்ரஷ்ஷை அதுல துடைக்கணும். அப்புறம் வரிசை முக்கியம், மஞ்சள், ஆரஞ்சு, பிங்க் மாதிரி வெளிர் கலரெல்லாம் முதல்ல, நல்லா காயட்டும், நீலம் கடைசி. காஞ்சுதான்னு பாக்க புறங்கையை மெதுவா வச்சுப் பாருங்க, ஜில்லுனு இருந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம், பாக்க காஞ்ச மாதிரி இருக்கும், நம்பாதீங்க. பிள்ளைக்கு காத்திருக்கறது கஷ்டம்னா படத்தோட வலது பக்கம் ஒரு மீன், இடது பக்கம் ஒரு மீன்னு மாத்தி மாத்தி அடிக்கச் சொல்லுங்க, ஒண்ணு அடிக்கறதுக்குள்ள இன்னொண்ணு காஞ்சிடும். ஹேர் ட்ரையர் போடறதா இருந்தா நீங்களே பிடிங்க, தள்ளி வச்சு சூடு கம்மியா வைங்க, க்ரேயான் போட்ட படத்துல சூடு பட்டா மெழுகு உருகிடும்.

சேறு ஆகி இன்னும் ஈரமா இருந்தா சுத்தமான டிஷ்யூவால ஒத்தி எடுங்க, சுத்த தண்ணி ஒரு சொட்டு விட்டு திரும்ப ஒத்துங்க, ரெண்டு மூணு தடவையில நல்லா வெளுக்கும். காஞ்சு போயிடுச்சுன்னா அது மேல மேல கலர் ஏத்தாதீங்க, இன்னும் கறுக்கும். அந்த ப்ரவுன் பாறையா, மூழ்கின கப்பலோட பலகையா மாறட்டும். பாசியா இருந்தாலும் சரி தான், கடல் பாசியில பச்சை, பழுப்பு, சிவப்புன்னு மூணு பெரிய வகையே இருக்கு.

வெள்ளையே தெரிய மாட்டேங்குது

காற்றுக் குமிழி, சுறாவோட பல்லு, மீன் கண்ணுல இருக்கற புள்ளி, இதெல்லாம் கடைசியில வெள்ளை க்ரேயானால நீலத்துக்கு மேல போட்டா ஒண்ணும் தெரியாது. அந்த வெள்ளைக்கு கீழ இருக்கறதை மறைக்கற சக்தி கிடையாது. வெள்ளை க்ரேயானுக்கு வேலை முதல்லயே இருக்கு. வெறும் பேப்பர்ல நல்லா அழுத்தி குமிழி போட்டு வச்சுட்டு அதுக்கு மேல நீல வாட்டர் கலரை ஓட்டுங்க, மெழுகு தண்ணியை ஒட்ட விடாது, ஒண்ணுமே இல்லாத பேப்பர்ல இருந்து குமிழியெல்லாம் தானா வெளிய வரும். நாலு வயசு பிள்ளை முகத்தை அப்ப பாக்கணும். செஞ்சும் வரலன்னா லேசா அழுத்தியிருப்பாங்க, இல்லனா நீலத்தை கெட்டியா போட்டிருப்பீங்க, தண்ணியா கலந்தா தான் மெழுகுல இருந்து வழுக்கும். போஸ்டர் கலரை கெட்டியா போட்டா மெழுகையும் மூடிடும்.

எல்லாம் அடிச்சு முடிச்சாச்சு, இப்ப தான் ஞாபகம் வந்ததுன்னா வெள்ளை ஜெல் பென், இல்லனா வெள்ளை போஸ்டர் கலரை கெட்டியா ஒரு காட்டன் பட்ஸ்ல தொட்டு வைக்கலாம். ஆயில் பேஸ்டல் படத்துல பல் குத்தும் குச்சியால சுரண்டினா கீழ இருக்கற பேப்பர் வெள்ளை தெரியும். குமிழியை முழு வெள்ளை உருண்டையா அடைக்காதீங்க, ஒரு மெல்லிய வட்டம், உள்ள ஒரு பக்கம் பிறை மாதிரி ஒரு கீத்து, அவ்ளோ தான், அப்ப தான் கண்ணாடி மாதிரி இருக்கும். மீன் செவுள்ல தான் மூச்சு விடுது, அதனால மூச்சுக் குமிழியை டால்ஃபின், திமிங்கிலம், ஆமை, டைவர் பக்கத்துல வச்சா இன்னும் சரியா இருக்கும்.

எல்லாம் ஒரே தட்டையா இருக்கு, ஆழமே தெரியல

ஒரே நீலத்தை மேல இருந்து கீழ வரைக்கும் அடிச்சா அது சுவர் மாதிரி தான் தெரியும், தண்ணி மாதிரி தெரியாது. மேல வெளிர் நீலம், கொஞ்சம் பச்சை கலந்தா கூட நல்லது, நடுவுல நீலம், கீழ கருநீலம். மூணு நீலம் இல்லனாலும் ஒரே நீலத்தை மேல லேசாவும் கீழ அழுத்தியும் அடிச்சா போதும்.

ஏன்னு பிள்ளை கேட்டா சொல்ல இதுல விஷயம் இருக்கு. தண்ணி சிவப்பு வெளிச்சத்தை தான் முதல்ல குடிச்சிடும், தெளிவான கடல்லயே 10 மீட்டர் இறங்கறதுக்குள்ள சிவப்பு பெரும்பாலும் போயிடும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள்னு ஒவ்வொண்ணா போய் நீலம் தான் ரொம்ப தூரம் உள்ள போகும். 200 மீட்டருக்கு கீழ மங்கல் வெளிச்சம் தான், 1000 மீட்டருக்கு கீழ சூரிய வெளிச்சமே கிடையாது. அங்க சிவப்பு வெளிச்சமே இல்லாததால சிவப்பு உடம்பு கறுப்பா தான் தெரியும், ஆழ்கடல்ல நிறைய பிராணி சிவப்பா இருந்தும் மறைஞ்சு இருக்கறது அப்படித் தான். இதைக் கேட்டதும் என் பையனுக்கு கருநீலத்துல ஒரு தனி படமே வேணும்னு ஆயிடுச்சு, தலைக்கு மேல விளக்கு தொங்கற ஆங்லர் மீனோட, அந்த விளக்குல வெளிச்சம் தர்றது பாக்டீரியான்னு தெரிஞ்சதும் இன்னும் குஷி.

இன்னொரு வழி, தூரத்துல இருக்கற மீனை சின்னதா, வெளிறின நீலமா, கண்ணு செதில் எதுவும் இல்லாம வெறும் உருவமா விட்டுடுங்க, பக்கத்துல இருக்கறதுக்கு மட்டும் பளிச் கலர். சூரிய வெளிச்சம் மேல இருந்து சாஞ்சு விழணும்னா கலர் பென்சில் படத்துல ரப்பரை ஸ்கேல் வச்சு இழுங்க, வாட்டர் கலர்ல ஈரமா இருக்கும்போதே மடிச்ச டிஷ்யூ ஓரத்தால ஒரு இழுப்பு.

ஜெல்லிமீன் தொப்பி மாதிரி இருக்கு

கறுப்பு அவுட்லைன் போட்டு உள்ள முழுசா அடைச்சதால வந்தது. அதோட உடம்புல கிட்டத்தட்ட 95 சதவீதம் தண்ணி தான், அதனால பின்னாடி கடல் தெரியணும். இதுக்கு மட்டும் கடலை முதல்ல அடிச்சு காய வச்சுட்டு, மேல ஓரத்துல மட்டும் வெள்ளையோ பிங்க்கோ போஸ்டர் கலரை லேசா தடவுங்க, நடுவுல ஒண்ணும் வேண்டாம்.

கை பட்டு எல்லாம் ஈஷிக்குது

ஆயில் பேஸ்டல் முழுசா எப்பவுமே காயாது. கைக்கு கீழ ஒரு பேப்பர் வைங்க, வலது கைக்காரங்க இடது மேல் மூலையில இருந்தும், இடது கைக்காரங்க வலது மேல் மூலையில இருந்தும் ஆரம்பிச்சா பாதி ஈஷல் வராது. ஈஷின இடத்தை பழைய பிளாஸ்டிக் கார்டு ஓரத்தால மெதுவா வழிச்சு எடுத்துட்டு அப்புறம் ரப்பர், நேரா ரப்பர் போட்டா இன்னும் பரவும். முடிஞ்ச படத்துக்கு மேல பட்டர் பேப்பர் வச்சு எடுத்து வைங்க.

பாதியில விட்டுட்டு ஓடிடறாங்க, கை வலிக்குதுன்னு சொல்றாங்க

நிஜமாவே வலிக்கும், அவ்ளோ பெரிய கடலை ஒரு பென்சில் முனையால நிரப்பச் சொன்னா யாருக்கும் வலிக்கும். கடலுக்கு ஸ்பாஞ்ச் குடுங்க, இல்ல ரெண்டு விரல் அகல ப்ரஷ் குடுங்க. இல்லனா மீனை தனியா ஒரு பேப்பர்ல கலர் அடிச்சு வெட்டி வச்சுக்கிட்டு, கடலை இன்னொரு நாள் அடிச்சு, காஞ்சதும் ஒட்டலாம், ஒரே படம் ரெண்டு மூணு நாள் விளையாட்டு ஆகும். மூணு வயசுக்காரங்களுக்கு பேப்பர் முழுக்க ஒரே ஒரு பெரிய மீன், தடியான கோடு, அது போதும், கோட்டுக்கு வெளிய போனா அது தண்ணில தானே போகுது, போகட்டும். ஆக்டோபஸுக்கு பச்சையும் ஊதாவும் போட்டா நிறுத்தாதீங்க, தோல்ல இருக்கற கலர் பைகளை விரிச்சு சுருக்கி நொடியில நிறத்தை மாத்திக்கற பிராணி அது, எட்டு கையையும் எண்ணிப் போட்டாங்களான்னு மட்டும் பாருங்க.

உப்பு தூவினேன், ஒண்ணுமே வரல

ஈர வாட்டர் கலர்ல கல் உப்பு தூவினா ஒவ்வொரு கல்லும் சுத்தி இருக்கற தண்ணியையும் கலரையும் இழுத்துக்கும், அந்த இடத்துல பூ மாதிரி வெளிர் புள்ளி விழும், கடலடி மணலுக்கும் நுரைக்கும் இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல. வராததுக்கு காரணம் நேரம். தண்ணி தேங்கி நிக்கும்போது தூவினா உப்பு கரைஞ்சு போயிடும், காஞ்சதுக்கு அப்புறம் தூவினா சும்மா உக்காந்திருக்கும். பேப்பரை கண்ணுக்கு நேரா சாய்ச்சுப் பாருங்க, பளபளப்பு மங்க ஆரம்பிக்கற அந்த நேரத்துல ஒரு சிட்டிகை, அங்கங்க, கொட்டிட வேண்டாம். அப்புறம் தொடாம விட்டுடணும், முழுசா காஞ்சதும் உலர்ந்த கையால தட்டி விடுங்க.